வால்வு சூடாகுற வரைக்கும்

சேசு மரி சூசை துணை

சூலூர்
9.6.96

அன்புள்ள மாப்ளே இஞ்ஞாசிக்கு,

இங்க நானும், உன்ற அக்கா அமலியும், நாலு தறியும் சௌக்கியம். மூணாவது தறியில மட்டும் அடிக்கடி நூல் அறுந்து நின்னு போகுது. உன்ற அக்கா வாய் அப்படி ஒரு நாளும் நின்னதில்ல. கப்பல் பட்டறையில வெல்டிங் வெளிச்சம் பாத்துக் கண்ணு எரியுதுன்னு எழுதியிருந்தியே, அது தேவலையா?

ஒரு காரியமாத்தான் எழுதறேன். ஏழு வருசத்துக்கு முன்னால நீ சிங்கப்பூர் போறப்ப உன்ற கிட்டாரை எங்கிட்டக் குடுத்து, "நான் வர்ற வரைக்கும் கோயில்ல வாசிங்க மாமா"ன்னு சொன்னே. வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இப்ப அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்துல இருக்கற என்ற ஸ்டூல் மேல ஒருத்தன் கண்ணு வெச்சுப்போட்டான். பேரு ஜேக். காலேஜ்ல படிக்கறான். முடியெல்லாம் நெத்தியில கெடக்கும், சீப்பு வாங்கித் தர ஊட்டுல ஆளில்லை போல.

அவன்ற சித்தப்பா துபாயில இருந்து ஒரு பெட்டி அனுப்பியிருக்காரு. கிட்டாருக்கும் கேசட்டுல பதியற டெக்குக்கும் நடுவுல வெக்கறது. ப்ரீஆம்ப்புனு பேராம். உள்ளாற வால்வு எரியுதாமா, பழைய வால்வு ரேடியோவுல எரிஞ்சுதே, அதே வால்வு. ஊட்டுலயே பதிஞ்சு கொண்டாந்து கோயில்ல போட்டான். சுடுசோத்துல நெய் எறங்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் நான் பதிஞ்சதைப் போட்டோம். தகரத்துல ஆணி கீறுற மாதிரி இருக்குதுன்னு உன்ற அக்காளே சொல்றா. எல்லார்த்துக்கும் முன்னால!

இந்த வருசம் நம்ம பங்குக் கோயில்ல கிறிஸ்மஸ் பாட்டுக் கேசட் போடறாங்க. டிசம்பர் ஒண்ணாந்தேதி, திருவருகைக் காலம் முதல் ஞாயித்துக்கிழமை, நானும் அவனும் பாலன் மாட்டுக் கொட்டில்ல பொறந்ததைப் பாடற அந்தப் பழைய கொட்டில் பாட்டை அவங்கவங்க ஊட்டுல பதிஞ்சு கொண்டாரோணுமாம். யாருது நல்லா இருக்குதோ அவங்க கேசட்டுல வாசிக்கறது, அந்த ஸ்டூல்லயும் அவங்கதான் உக்கார்றதுன்னு ஃபாதர் சொல்லிப்போட்டாரு.

எனக்கு அந்தப் பையன் மேல பொறாமையெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ளே. அவன்ற பெட்டியை விட நல்ல பெட்டியா, அதே மாதிரி வால்வு வெச்சதா, ஒண்ணு பாத்து வாங்கி அனுப்பு. அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்புடு.

உன்ற மாமா
ஞானாபரணம்


சிங்கப்பூர்
24.6.96

மாமாவுக்கும் அக்காவுக்கும் இஞ்ஞாசி எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். கண் எரிச்சல் இப்போது இல்லைங்க. அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்குதுங்க?

லீவு நாளில் ஒரு கடைக்குப் போய்ப் பார்த்தேன். வால்வு ப்ரீஆம்ப் மூன்று விதமாக வைத்திருக்கிறார்கள். ஒன்று சத்தத்தைச் சுத்தமாக அப்படியே கொடுக்கும். ஒன்று கொஞ்சம் கரகரப்புச் சேர்க்கும். இன்னொன்றில் வால்வு முன்பக்கம் கண்ணாடி வழியாகத் தெரியும், பார்க்க ரொம்ப அழகுங்க. உங்களுக்கு எந்த மாதிரி வேண்டும் என்று எழுதுங்க. எந்த அறையில் பதிகிறீங்க, அங்கே கரண்ட் எப்படி என்பதையும் எழுதுங்க.

கிட்டாரின் கழுத்து வளையாமல் இருக்குதுங்களா? ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அதுக்குக் கீழே நான் அட்டை மடித்து வைத்திருந்தேன். அது இன்னும் இருக்குதுங்களா?

ஜேக் நன்றாக வாசிப்பாருங்களா?

அன்புடன்
இஞ்ஞாசி


சூலூர்
14.7.96

மாப்ளைக்கு மாமாவோட ஆசீர்வாதம். உன்ற அக்கா முழங்காலுக்கு வைத்தியர் எண்ணெய் குடுத்தாரு. அதை என்ற கையால தேய்ச்சு விடோணும்னு ஒரே அடம். வைத்தியர் அப்படிச் சொல்லவே இல்ல, நான் கூடவேதான் இருந்தேன்.

நீ கேட்டதுக்குப் பதில் எழுதறேன். பதியறது தறிக்குடோனை ஒட்டுன சின்ன ரூம்புல. செவுத்தோரமா கழிவுப் பஞ்சு மூட்டையைக் கூரை மோடு வரைக்கும் அடுக்கிப்போட்டேன். உள்ளாற போனா என்ற மூச்சு எனக்கே கேக்குது. என்ற தறியை நான் நிறுத்திக்குவேன், பக்கத்துக் குடோன்காரன் நிறுத்துவானா? கரண்டு இருந்தா அவன்ற தறி ஓடும், அந்தத் தடதடப்புல பதிய முடியாது. கரண்டு போனா ஊரே அமைதியாயிரும், அப்பவும் பதிய முடியாது, கரண்டு இல்லையே! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச பொறவுதான் ரெண்டும் ஒண்ணா அமையுது. எல்லாத் தறியும் ஓடறப்ப வோல்டேஜ் எறங்கிப்போயிருது, அதுக்கு ஸ்டெபிலைசர் வெச்சிருக்கேன்.

சத்தம் எப்படி வேணும்னா, இனிப்பா இருக்கோணும், ஆனா பாகு மாதிரி ஒட்டக் கூடாது. லேசாக் கரகரப்பு வேணும், காலங்காத்தால உன்ற அக்கா கூப்புடறாளே அந்த அளவுக்கு மட்டும். கண்ணாடி வழியாத் தெரியறதையே வாங்கிப்போடு. ஜேக்கோட பெட்டியில ஒரு சின்ன ஓட்டை வழியா மினுக்கறது மட்டும்தான் தெரியும். அவன் என்ற ரூம்புக்கு வந்து அதைப் பாக்கோணும்.

அந்தப் பையன் நல்லாத்தான் வாசிக்கறான், என்ன செய்யறது. போன வாரம் நான் லேட்டாப் போனேன். என்ற ஸ்டூல்ல உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "உக்காருங்க அங்கிள்"ன்னான். அங்கிள்னதுல எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. ஸ்டூலுக்குக் கீழ நீ வெச்ச அட்டை இருக்குது. நான் அதை மாத்தலே.

உன்ற மாமா
ஞானாபரணம்


சிங்கப்பூர்
11.8.96

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். இங்கே வேலை கூடிவிட்டதால் பதில் எழுதத் தாமதம், மன்னிக்கணுங்க. அக்காவுக்கு எண்ணெய் தேய்த்து விடுங்க மாமா, பாவம்.

பெட்டி வாங்கிவிட்டேன். கண்ணாடி வைத்தது வேண்டாங்க. மூடியைக் கழற்றச் சொன்னேன், கடைக்காரர் கழற்றிக் காட்டினார். வால்வுக்குப் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் லைட்டை எரிய விட்டிருக்கிறார்கள், பார்க்கிறவர்களுக்காக. வால்வுக்குப் போகிற கரண்டோ கொஞ்சம்தான். அது வெறும் வேஷங்க. நான் வாங்கினது கறுப்பு நிறம், தகரப் பெட்டி, வெளியே ஒன்றுமே தெரியாது. சத்தம் கூட்டிக் குறைக்க முன்னால் மூன்று திருகு மட்டும். ஆனால் வால்வுக்கு முழு கரண்ட் போகும். ஊர் கரண்டுக்கும் இதே வோல்டேஜ்தான், தனி டிரான்ஸ்பார்மர் தேவையில்லை.

என்னுடன் வேலை பார்க்கும் அப்துல் கையூம் செப்டம்பரில் ஊருக்கு வருகிறார். வீடு காந்திபுரம். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இஞ்ஞாசி


சூலூர்
30.8.96

என்ற தங்க மாப்ளே,

உன்ற கண்ணு, காது, கை, காலு எல்லாம் நல்லா இருக்கோணும். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி பத்த வெச்சேன். ஜேக் பக்கத்துலதான் நின்னான். "எதுக்கு அங்கிள் மெழுகுவத்தி?"ன்னான். "எனக்கு ஒரு பெட்டி கடல் தாண்டி வருது தம்பி, முழுக் கரண்டு வால்வு. உன்ற பெட்டியில வால்வுக்குப் பின்னால லைட்டு இருக்குதான்னு கழட்டிப் பாரு"ன்னு சொல்லிப்போட்டேன். அடுத்த வாரம் வந்தான். முகம் தொங்கிக் கெடந்துச்சு. இருக்குதாமா, மஞ்ச லைட்டு! அன்னைக்கு ரெண்டு தோசை சேத்துச் சாப்புட்டேன்.

ரூம்புல செவுத்து அலமாரியில ஒரு தட்டை ஒழிச்சு வெச்சாச்சு. உன்ற அக்கா அதுல பூப் போட்ட துணி விரிச்சிருக்கா. கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட அப்படி விரிச்சதில்ல. இனி என்ற ஸ்டூலை அசைக்க ஆளில்ல.

கையூம் பாய் எந்தத் தேதி வாராருன்னு எழுது. ஸ்டேசனுக்கே போயிருவேன்.

உன்ற மாமா


சிங்கப்பூர்
4.10.96

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். அங்கேயும் அப்படித்தானுங்களே?

கையூம் பாயிடம் பெட்டியைக் கொடுக்க முடியவில்லை. கனம் அதிகம், அவர் சாமானே நிறைய. வேறு ஆள் பார்க்கிறேன்.

அதுக்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். ஸ்விட்ச் போட்டதும் வாசிக்கக் கூடாது, வால்வு சூடாகணும். முதலில் சத்தம் மெலிசாக வரும், அப்புறம் உள்ளேயிருந்து யாரோ எழுந்து வருவது மாதிரி தடிக்கும். முதல் திருகைப் பாதிக்கு மேல் திருப்பாதீங்க. கொட்டில் பாட்டில் மூன்றாவது வரிக்கு இறங்குகிற இடத்தில் விரலை அழுத்தாமல் சும்மா கம்பி மேல் வைத்தால் போதும், மிச்சத்தை வால்வு பார்த்துக்கொள்ளும். அழுத்தினால் கரகரக்கும். ஆனால் அந்தக் கரகரப்பும் நன்றாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் கடைக்காரர் சொன்னதுங்க.

இஞ்ஞாசி


சூலூர்
20.10.96

அன்புள்ள மாப்ளைக்கு மாமா எழுதறது. இங்க மழை. நாங்க நல்லா இருக்கோம்.

கையூம் பாய் ஊட்டுக்கே வந்துட்டாரு. அக்காவுக்கு நீ குடுத்து விட்ட சேலையும் தலைவலித் தைலமும் குடுத்தாரு. நல்ல மனுசன். டீ குடிச்சுக்கிட்டே சொல்றாரு, "என்ற கைப்பையில பூசணிக்கா வெக்கற எடம் சும்மா இருந்துச்சு. இஞ்ஞாசிகிட்டப் பெட்டியைக் குடுன்னு நானே கேட்டேன். அடுத்த தடவைன்னுட்டாரு." உன்ற அக்கா என்னைப் பாத்தா. நான் மேல மோட்டைப் பாத்தேன்.

அப்புறம் உன்ற கடுதாசியை எடுத்து இன்னொருக்காப் படிச்சேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மாப்ளே. சிங்கப்பூர்க் கடைக்காரருக்கு நம்ம சூலூர்க் கோயில் கொட்டில் பாட்டுல மூணாவது வரி எறங்குதுன்னு எப்படித் தெரியும்? அவரு நம்ம பங்கா? ஞானஸ்நானம் இங்கயா எடுத்தாரு?

இங்க ஜேக்குகிட்ட என்னால மூஞ்சி குடுக்க முடியல. "பெட்டி இன்னும் கடல்லயே மெதக்குதா அங்கிள்?"னு கேக்கறான். பூப் போட்ட துணி மேல தூசு ஏறுது.

சரி, போகட்டும். பெட்டி நல்லா வேலை செய்யுதான்னு தெரியாம நான் எப்படி நம்பறது? ஒரு காரியம் செய். நீயே கொட்டில் பாட்டை அதுல வாசிச்சு, ஒரு கேசட்டுல பதிஞ்சு அனுப்பு. டெஸ்டுக்குத்தான். கேசட்டு கனமில்ல, எந்தப் பாய் கையிலயும் வரும்.

வாசிக்க ஆளு கிடைக்கலைன்னா அந்தக் கடைக்காரரையே வாசிக்கச் சொல்லு.

ஞானாபரணம்


சிங்கப்பூர்
12.11.96

மாமாவுக்கு,

நலம். கேசட் இதோடு வருகிறது. ரூமில் இருக்கும் ரசாக்கின் கிட்டாரில் வாசித்தேன். டெஸ்டுக்கு மட்டுந்தானுங்க. கேட்டுவிட்டு அழித்துவிடுங்க.

அக்காவுக்குப் போட வேண்டாம்.

இஞ்ஞாசி


சூலூர்
2.12.96

அன்புள்ள இஞ்ஞாசிக்கு,

உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. மனசுக்குத்தான் கொஞ்சம்.

நேத்து முதல் ஞாயிறு. பூசை முடிஞ்சு எல்லாரும் பங்கு ஹால்ல உக்காந்தோம். என்ற சட்டைப் பாக்கெட்டுல ரெண்டு கேசட்டு. ஒண்ணு நான் பதிஞ்சது. அதுல மூணாவது வரியில பக்கத்துக் குடோன்காரன் தறியைப் போட்டுப்போட்டான், ஞாயித்துக்கிழமையின்னும் பாக்காம. இன்னொண்ணு நீ அனுப்புனது. அதை நான் அதுவரைக்கும் கேக்கலே. கேக்கப் பயம். நம்பினா நம்பு.

மொதல்ல ஜேக்கோடதைப் போட்டாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. அவன் முடியை ஒதுக்கிக்கிட்டு என்னைப் பாத்தான். என்ற கை பாக்கெட்டுக்குப் போச்சு. எதை எடுக்கோணும்னு நான் அதுகிட்டச் சொல்லலே மாப்ளே. அதுவா உன்ற கேசட்டை எடுத்துருச்சு.

போட்டாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் வந்துது. நீ எழுதுனியே, உள்ளேயிருந்து யாரோ எந்திரிச்சு வர்ற மாதிரின்னு. அப்படித்தான் வந்துது. ஹால்ல ஒரு கொழந்தைகூட அழுகலே. ஜேக் வாயைத் தொறந்தவன் மூடலே. முடிஞ்சதும் ஃபாதர், "ஞானாபரணம், இத்தனை நாளா இதை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தே?"ன்னாரு. நான் தலையை ஆட்டிப்போட்டேன். ஆமான்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல, நடுவுல ஒரு ஆட்டு. ஜேக் கிட்ட வந்து, "அங்கிள், எந்தத் திருகை எங்க வெச்சீங்க?"ன்னான். "முதல் திருகு பாதி"ன்னேன்! உன்ற கடுதாசியில படிச்சதுதானே.

அந்நேரம் பின்னாடி வரிசையில உன்ற அக்கா எந்திரிச்சா. முழங்கால் வலியெல்லாம் எங்க போச்சோ. "ஃபாதர், அதை இன்னொருக்காப் போடுங்க"ன்னா. போட்டாங்க. மூணாவது வரிக்கு எறங்கறதுக்கு முன்னால நீ நாக்கைத் தட்டுவியே, "டக்"குனு, சின்னதுல இருந்து உனக்கிருக்கற பழக்கம். அது அந்தக் கேசட்டுல கெடக்குது. அவ்வளவு நல்ல பெட்டிக்கு முன்னால மைக்கை எதுக்குடா தொறந்து வெச்சே?

"இது என்ற தம்பி"ன்னா. அத்தனை பேருக்கும் முன்னால. "ஏனுங்க, இது இஞ்ஞாசியில்லீங்களா?"ன்னு என்னையே கேக்கறா. சிரிக்கறாளா அழுகறாளான்னு தெரியல. நான் செவுத்துல மாட்டியிருந்த அந்தோணியார் படத்தைப் பாத்தேன். அவரு என்னைப் பாக்கலே.

அப்புறம் என்ன, ஒத்துக்கிட்டேன். ஜேக் சிரிப்பான்னு நெனச்சேன். சிரிக்கலே. "அவரு எப்ப வருவாரு?"ன்னு மட்டும் கேட்டான். ஃபாதரும் அதையேதான் கேட்டாரு. கேசட்டுல யாரு வாசிக்கறாங்களோ அவங்கதான் ஸ்டூல்ல உக்கார்றதுன்னு சொன்ன சொல்லை மாத்த மாட்டாராம்.

ஜேக் மேல எனக்கு இருந்த வயித்தெரிச்சல்தான் பெரிசுன்னு நெனச்சிருந்தேன். அதெல்லாம் கொசு. நேத்து உன்னைக் கேட்டுட்டு ஊட்டுக்கு வந்து, தறியைப் போட்டுவிட்டு அதுக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டேன், வேற ஒரு சத்தமும் காதுல உழக்கூடாதுன்னு.

லீவு கேளு. பெட்டியைக் குடுத்து அனுப்ப வேண்டாம். நீ எடுத்துக்கிட்டு வா. நாங்க ரெண்டு பேரும், நானும் ஜேக்கும், இப்ப ஒரே பெஞ்சுல உக்காந்து உன்ற மேல பொறாமைப்பட்டுக்கிட்டு இருக்கோம். அவன் எனக்கு முட்டாய் குடுத்தான்.

ஞானாபரணம்


சிங்கப்பூர்
13.12.96

அன்புள்ள மாமாவுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி காலையில் கோயமுத்தூர். பதினைந்து நாள். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன்.

வாங்கின அன்றைக்குச் சரியாக இருக்கிறதா என்று ரசாக்கின் கிட்டாரைச் சொருகிப் பார்த்தேன். ஏழு வருசத்துக்கு அப்புறம். அதோடு திரும்ப அட்டைப்பெட்டியில் கட்டி வைக்கக் கை வரவில்லைங்க. ஆளுக்கு ஒரு சாக்குச் சொன்னேன்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் 'என்ற ஸ்டூல்' என்று எழுதியிருந்தீங்க. ஒன்றும் சொல்லணும் என்று இல்லை. சும்மா படித்துப் பார்த்தேன்.

கிட்டாரில் கம்பி மாற்ற வேண்டாம், நான் வந்து மாற்றிக்கொள்கிறேன். அதை ஜேக்கிடம் கொடுக்காதீங்க. கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் வர்ற வரைக்கும் நீங்களும் தொடாமல் இருந்தால் நல்லதுங்க.

அக்காவுக்கு என் அன்பு.

இஞ்ஞாசி


சூலூர்
20.12.96

மாப்ளே,

இதைத் தபால்ல போட்டா நீ வந்து திரும்பிப் போன பொறவுதான் சிங்கப்பூர் சேரும். அதனால செவுத்து அலமாரியில, பூப் போட்ட துணி மேல, உன்ற பெட்டிக்குன்னு ஒழிச்ச எடத்துல வெச்சிருக்கேன். பெட்டியை வெக்கறதுக்கு முன்னால இதைப் படி.

உன்ற அக்கா ஒரு வாரமா முறுக்குச் சுடறா. எனக்கு ஒடஞ்சது மட்டும். ஸ்டூலைத் தொடைச்சு வெச்சாச்சு. அட்டை இத்துப்போச்சுன்னு ஜேக் புதுசா ஒண்ணு மடிச்சுக் கொண்டாந்தான். "பழசு இருக்கட்டும், அவரு மடிச்சது"ன்னு திருப்பிக் குடுத்துட்டேன். உன்ற ஸ்டூல். எழுதிப்போட்டேன், பாத்துக்கோ.

கிட்டாரைத் தொட வேண்டாம்னே. தொட்டுப்போட்டேன். மூணாவது வரியில நீ எறங்கற மாதிரி எறங்கிப் பாக்கலாம்னு கதவைச் சாத்திக்கிட்டு முக்கா நாளா முக்குனேன். விரலைச் சும்மா வெச்சாப் போதும்னியே, எனக்கு அது சும்மா நிக்க மாட்டேங்குது. கடைசியில மூணாவது கம்பி அறுந்துபோச்சு. நீ வந்து மாத்திக்கறேன்னதால அப்படியே தொங்க விட்டிருக்கேன்.

வாசிப்பு வரலே மாப்ளே. அந்த நாக்குத் தட்டறது மட்டும் வந்துருச்சு. நேத்து பூசைக்கு நடுவுல "டக்"குன்னேன். உன்ற அக்கா வாசலைத் திரும்பிப் பாத்தா.

ஞானாபரணம்